ஓட்டை இல்லாத சூரியன்

காலை ஐந்தரைக்குத் திருப்பூரில் தாராபுரம் பேருந்தைப் பிடித்தோம், நானும் மனைவி செல்வியும். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். குண்டூசி முனையளவு ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்தான் போயிற்று.

வளையக் கிரகணத்தன்று கம்பெனி மொட்டைமாடியில் நின்றவர்களெல்லாம் பயந்து தலைகுனிந்திருக்க, இவள் கறுப்புத் துணி ஒன்றை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, ஓட்டை இல்லையென்று உறுதிசெய்து, நாலாக மடித்து, அதன் வழியே சூரியனைப் பார்த்தாள். பாஸான துணியாம்! அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. சிலருக்கு ஒரு வருடத்தில் தானாகச் சரியாகும் என்றார் மருத்துவர். வருடம் ஓடிவிட்டது. திங்கட்கிழமை கம்பெனியில் துணியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். தேறினால் பழைய வேலை. அதற்குள் தன்னையே சோதித்துக்கொள்ள அவள் தேர்ந்தெடுத்தது கொடைக்கானல் மலையிலுள்ள சூரியத் தொலைநோக்கி. அங்கே தாளில் விழும் சூரியனில் ஒரு சிறு புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டால் கண் தேறியது என்பது அவள் கணக்கு. கண்ணைக் கெடுத்தவனிடமே போய் நிற்பதா என்று எனக்கு எரிச்சல்.

பழனியிலிருந்து அறுபத்துநான்கு கிலோமீட்டர் மலைப்பாதை. செல்வி கண்ணை மூடியே வந்தாள். மயக்கமா என்று கேட்டு டிரைவர் எலுமிச்சம்பழம் நீட்டினார். கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாகச் சொன்னாள்.

பதினொன்றரைக்கு உள்ளே விட்டார்கள். பதினொரு மீட்டர் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிகள் வெயிலைப் பிடித்துக் கீழே அனுப்ப, அது அறுபது மீட்டர் சுரங்கத்துக்குள் ஓடுகிறது. இருட்டில் ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய சூரியன், கண் கூசாமல், கை சுடாமல். சூரியனில் சில சமயம் கரும்புள்ளிகள் தெரியும் என்று விளக்கத் தொடங்கினார் அங்கிருந்த பெண்.

செல்வி கைப்பையைத் திறந்தாள். துணியில் ஓட்டை கண்ட இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை இன்னும் அவள் விடவில்லை. ஒன்றை உரித்துச் சூரியனின் நடுவில் ஒட்டினாள்.

"இதோ, இங்க ஒண்ணு இருக்குதுங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பழைய செல்வி!

அந்தப் பெண் தயங்கினார். "இல்லீங்கம்மா. இன்னிக்கு சூரியன்ல ஒரு புள்ளிகூட இல்ல."

செல்வி பார்வையை ஓரத்துக்கு நகர்த்தினாள். பிறகு மறு ஓரத்துக்கு. புள்ளியும் கூடவே போயிருக்க வேண்டும். ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்தெடுத்தாள்.

மலை இறங்கும்போது கண்ணைத் திறந்தே வந்தாள். தாராபுரம் பாலத்தில் வண்டி ஏறியபோது சொன்னாள்:

"ஏனுங்க, மேனேஜருக்குப் போன் போட்டு, திங்கக்கிழமை நான் வரலீன்னு சொல்லிப்போடுங்க. துணி பூரா ஓட்டைன்னு எழுதிப்போடுவேன்."