அல்சர் என்று நான் சொன்ன பொய்

மூன்று வருஷமாக இதை எழுதப் பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். என் பொய்யை நானே ஊருக்குச் சொல்ல வேண்டுமே... வெட்கம்.

போன வாரம் கடலூர் ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா போனில் பேசிக்கொண்டு வந்தார். "வயித்துல ஸ்கோப் பாக்கணுமாம். பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இவரை நிறுத்தி வச்சிருக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மேல் கோபமா, என் மேலா? வாயைத் திறப்பதற்குள் செம்மண்டலத்தில் இறங்கிப் போய்விட்டார்.

என் மனைவியின் அண்ணன், சிதம்பரத்து மச்சானுக்கும் இப்படித்தான். சாப்பிட்டாலும் எரிச்சல், சாப்பிடாவிட்டாலும் எரிச்சல். ஸ்கோப் பார்த்து, சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். "இன்னும் கேன்சர் ஆகல. ஆனா அந்தப் பக்கம் திரும்பியிருக்கு" என்றார் டாக்டர். பத்தாவது தாண்டாத எனக்கும் புரியும்படி பொறுமையாகச் சொன்னார்.

"செல் கண்டபடி வளராம புடிச்சு வைக்கிற ஜீன் இருக்கு. அது மேல மெத்தில்னு ஒண்ணு போய் ஒட்டிக்கும். ஜீன் மாறாது, அதோட வேலை நின்னுடும். வயித்துக் கிருமி, பீடி, உப்பு ஜாஸ்தி... வருஷக்கணக்கா புண்ணாகி வர்றது. பெரும்பாலும் பரம்பரையா வர்றதில்ல. கிருமிக்கு மருந்து தர்றேன். ஆறு மாசத்துல திரும்ப ஸ்கோப் பாக்கணும்."

இவ்வளவு சொன்னாரே, எங்கள் காதில் விழுந்தது ஒரே வார்த்தை!

"ஏங்க, ஜீனுன்னுட்டாரே! எங்கண்ணன் பொண்ண இனிமே எவன் கட்டுவான்?" என்று என் மனைவி அழுதாள்.

"அல்சர்னு சொல்லிடுங்க மச்சான். பாதி நெசந்தான?" என்று மச்சான் சிரித்தார்.

ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் பெண் பார்த்தார்கள். "ஏன் இப்டி எளச்சிருக்காரு?" என்று மச்சானைக் காட்டி மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். தீர்த்தம் வாங்கிய கையில் ஈரம்கூடக் காயவில்லை. "சும்மா அல்சருங்க" என்றேன். பெருமாள் சந்நிதியில் நான்தான் சொன்னேன்!

ஆறாவது மாசம் வந்தது. ஸ்கோப்புக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் சித்தி அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் — பார்த்துவிட்டால்? கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அதன் பிறகு போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கேன்சராவே ஆயிடுச்சு. லேட்டா வந்துட்டீங்க" என்றார்.

விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை ஓடி வந்தார். "ஏன் மாமா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. சித்தி அங்கதான இருக்காங்க... க்யூவுலகூட நின்னிருக்க வேணாமே!"

யாருக்குப் பயந்து ஒளித்தோமோ, அவரே இப்படிக் கேட்டார். அடுத்த பொங்கலுக்கு மச்சான் இல்லை.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்கு, பெண்ணைப் பெற்றவன் உயிர் ஒரு பொருத்தமாகத் தெரியவில்லையா? தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். மன்னிப்புக் கேட்க மட்டும் இன்றுவரை நாக்கு எழவில்லை.

அந்த ஆட்டோ அம்மா யாரென்று தெரியாது. அதனால் நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், அவர் காதுக்கும் போகட்டும். உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். மரியாதைக்காக என் பொய்யைக்கூட விட்டுவிடாதீர்கள்.

முக்கியமாக, கேன்சர் என்று வருகிற இடத்தில் அல்சர் என்று மாற்றிவிடாதீர்கள். நாங்கள் மாற்றியது அந்த ஒரு வார்த்தைதான்.