நேர்த்தி வைக்காத கால்கள்

கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு முச்சக்கரவண்டிக்காரர், "அய்யே, செரெப்புவ!" என்று சிங்களத்தில் கத்தினார். திரும்பிப் பார்த்தால் என் ஒற்றைச் செருப்பு நடுவீதியில் கிடக்கிறது. அது கழன்றதைக் கால் எனக்குச் சொல்லவேயில்லை.

அதுதான் முதல் அறிகுறி. இதே நோயில் படுத்திருப்பவர்களுக்கும், பக்கத்தில் கதிரை போட்டு இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

சில நாட்களுக்கு முன்தான் வயிற்றோட்டம் வந்து போயிருந்தது. செருப்பு கழன்ற மறுநாள் முழங்கால் மடிந்தது. பிறகு கரண்டி பிடிக்கக் கை வரவில்லை. வைத்தியர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் துள்ளவில்லை. "ஜி.பி.எஸ்." என்றார் (கியான்-பாரே: கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள்மாறி நம் நரம்புகளையே தாக்கும் நோய்).

"அநேகமா நரம்பு திரும்பி வரும். ஆனா அது அவசரப்படாது. நீங்களும் அவசரப்படாதேங்கோ."

மருதானையில் மின்விசிறி விற்கும் கடையில் நான் விற்பனையாளன். வாய்தான் பிழைப்பு. "உங்கட மனுசன் மார்கழிக் குளிரிலயும் ஃபேன் வித்துப்போடுவார்" என்று முதலாளி என் மனைவி றோசலினிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த வாய்க்குள் குழாய் போனது. நோய் நெஞ்சுவரை ஏறியதால் வென்டிலேற்றரில் (செயற்கைச் சுவாசக் கருவி) போட்டார்கள்.

எங்கள் கிறிஸ்தவக் கோயில் ஆட்களுக்கு ஆபத்து வந்தால் முதலில் வாயில் வருவது நேர்த்தி. சுகம் தந்தால் வெறுங்காலோடு நடந்து வருகிறேன், மெழுகுதிரி ஏந்தி வருகிறேன், வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் வருகிறேன். நானும் மனதுக்குள் தொடங்கினேன். நடப்பேன் என்று சொல்லக் கால் இல்லை. ஏந்தக் கை இல்லை. பாடிப் புகழக் குரல் இல்லை. தருவேன் என்று நினைத்த ஒவ்வொன்றும் நான் ஆண்டவரிடம் கேட்க வேண்டியதாகவே இருந்தது. நேர்த்தி பாதியில் நின்றுவிட்டது. ஒன்றும் கேட்காமலே கிடந்தேன்.

இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள் (பலர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்). முகம் தெரியாத எத்தனையோ பேரின் இரத்தம். அவர்களிடமும் நான் கேட்கவில்லை.

பிறகு தோள் அசைந்தது. விரல் அசைந்தது. குழாய் எடுத்த அன்று நான் சொன்ன முதல் சொல், "பிளேன்ரீ" (பால் சேர்க்காத தேநீர்).

"ஆண்டவரே எண்டு ஒரு சொல் வந்துதா பாருங்கோ, தேத்தண்ணி கேக்கிறார்!" என்று றோசலின் தாதியிடம் சொல்லிக்கொண்டே அழுதாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அவர் வீட்டார் எத்தனையோ நேர்த்தி வைத்தார்கள். அவர் வீடு திரும்பவில்லை. ஒன்றும் வைக்காத நான் திரும்பினேன். அது என்னை அரித்தது. சாமான் விற்கிறவனுக்கு, சும்மா கிடைக்கும் பொருளில் எங்கேயோ ஒரு பிழை இருக்கும் என்றுதான் புத்தி போகும். செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் கால் மறுபடி போய்விடும் என்று பயந்தேன். கால் மரத்துப்போகும் ஒவ்வொரு முறையும் வியர்த்தது.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும், றோசலினைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசலில் கோலை வைத்துவிட்டு முழங்காலில் இறங்கினேன்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்? டொக்டர் என்ன சொன்னவர்?"

"விடும். நேர்த்தி."

"ஆர் வைச்ச நேர்த்தி?"

"நீர் வைச்சிருப்பீர்தானே?"

அவள் வாய் திறக்குமுன்னே நகரத் தொடங்கினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. தொடை நடுங்கிச் சரிந்தேன். பிடிக்க வந்தவளும் என்னோடு சேர்ந்து தரையில் இருந்துவிட்டாள். மூச்சு வாங்கியபடி சொன்னாள்:

"நான் ஒரு நேர்த்தியும் வைக்கேல்லயப்பா. வாயே வரேல்ல. உங்கட காலைப் பிடிச்சுக்கொண்டு 'ஆண்டவரே' எண்டன். அதுக்கு மேல ஒண்டும் வரேல்ல."

"அப்ப?"

"அப்ப என்ன? குடுக்கிறதுக்கு உங்களிட்ட காலே இல்லாத நேரத்திலதான் அவர் தந்தவர். இப்ப அந்தக் காலை உடைச்சு எதைக் குடுக்கப் போறியள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். நிமிர்ந்து பார்த்தேன். பீடத்துக்கு மேல் சிலுவை. சின்ன வயதிலிருந்து பார்த்த அதே சிலுவைதான். அதற்காக நான் என்ன நேர்த்தி வைத்தேன்? நான் பிறக்குமுன்னே, கேட்கத் தெரியுமுன்னே, எனக்காக முடிந்துபோன காரியம் அது. வாங்கிக்கொள்ள மட்டும்தான் இருந்தது. இத்தனை வருடம் ஞாயிறு தவறாமல் வந்து, அதை நான் உழைத்துச் சம்பாதிக்கப் பார்த்திருக்கிறேன்.

சுகம் வேறு, மீட்பு வேறு. இந்தக் கால்கள் ஒருநாள் மறுபடி அசையாமல் போகும். அது எல்லோருக்கும் உள்ளது. பக்கத்துக் கட்டில்காரர் கைவிடப்பட்டார் என்று நான் நம்பவில்லை. எங்கள் இருவரையும் தாங்கிய கை ஒன்றுதான். அந்தக் கை கட்டிலிலிருந்து எழும்பாதவரையும் விடாது என்பது, எழும்பிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

நன்றியும் நரம்பு மாதிரியே, கண்ணுக்குத் தெரியாமல்தான் வளர்கிறது. முன்பெல்லாம் எழும்பும்போதே கடைக்கு ஓடுகிற அவசரம். இப்போது கட்டில் ஓரத்தில் சற்று இருந்து, பாதத்தைத் தரையில் வைக்கிறேன். இடது பெருவிரல் இன்னும் மரத்தபடிதான். மற்ற விரல்களுக்குச் சீமெந்தின் குளிர் தெரிகிறது. ஒவ்வொன்றாக வந்து சேரும்வரை காத்திருக்கிறேன். சொல்வதற்கு 'ஆண்டவரே' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

"இன்னும் கட்டில்லயோ? பிளேன்ரீ ஆறுது!"

"வாறன்" என்கிறேன். செருப்பைப் போடாமலே போகிறேன்.