மாமி வார்க்காத தண்ணீர்

குளியலறைக்குள் மணிகள் கொட்டிச் சிதறும் சத்தம் கேட்டது. சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கரோலின் கண்களை இறுக மூடிக்கொண்டாள். கழுவிக் காயப்போட்டிருந்த மேடை உடுப்பை எடுத்து ஒளிக்க மறந்தே போனாள்.

தம்பி மரியோ குவித்த கைகளோடு வெளியே வந்தான்.

"முகம் கழுவத்தான் போனனான் அக்கா. என்ர தோள் பட்டு, உடுப்பின்ர நூல் அறுந்துபோச்சு."

"மேசையில வை. பிறகு கோக்கிறன்."

அவன் வைக்கவில்லை. உள்ளங்கையில் மின்னிய சிவப்பு மணிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, உடுத்த கோட்டோடு, தான் இருக்கும் ஸ்ரௌவ்வில்லில் இருந்து காரை ஓட்டி வந்திருந்தான். வழியெல்லாம் அது பொய்யாக இருக்கவேண்டும் என்று மன்றாடியிருப்பான்.

"அப்ப வீடியோவில நிண்டது நீதான்."

கரோலின் ஒரு தேநீரை அவன் முன்னால் வைத்து, மற்றதைத் தன் பக்கம் வைத்தாள். "சீனி போதுமோ பார்."

"அக்கா!"

"ஓம். நான்தான்."

கோயில் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக அந்த வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ இளசுகள் பிறந்தநாள் கொண்டாடப் போன இடத்தில் எடுத்தது. அதில் அறிவிப்பாளன் 'மன்னார் முத்து' என்று கத்துகிறான். திரை விலக, கரோலின் வருகிறாள்.

"பேர் வைக்க உனக்கு எங்கட ஊரை விட்டா வேற ஊரே கிடைக்கேல்லையோ?" என்றான் மரியோ. "ரெக்ஸ்டேலிலதானே இருக்கிறாய், ரெக்ஸ்டேல் முத்து எண்டு வச்சிருந்தா ஆர் கண்டுபிடிச்சிருப்பினம்?"

அந்த நிலையிலும் கரோலினுக்குச் சிரிப்பு வந்தது. மரியோவின் உதடும் ஒரு கணம் துடித்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

இருபத்தேழு வயதில் அவள் ஸ்காபரோவில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் பிளவுஸுக்கு மணி தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் நீளக் கையுறைச் சோடி ஒன்றைக் கொண்டுவந்து மணி பிடித்துத் தரச் சொன்னாள். அதைக் கொடுக்கத்தான் குயின் தெருவில் இருந்த ஒரு மதுக்கூடத்துக்குப் போனாள். பாட்டும் பகிடியுமாக, போட்ட உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆடும் ஆட்டம் அங்கே நடந்தது. பேர்லெஸ்க் என்றார்கள். ஐம்பது தாண்டிய, பருத்த அந்தப் பெண் ஒரு முழுப் பாட்டுக்கும் ஒற்றைக் கையுறையை மட்டும் கழற்றினாள். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. 'வயித்தை உள்ளுக்கு இழு, குனிஞ்சு நட' என்று கேட்டே வளர்ந்த கரோலின், கதவோரம் நின்று காரணம் தெரியாமல் அழுதாள்.

மறு வருடம் அவளும் மேடையில் நின்றாள். அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு குளிர்கால ஆட்டம். பஸ்ஸால் இறங்கிய அன்ரி ஒருத்தி வீட்டுக்குள் வருகிறாள். பெரிய கோட்டு, அதற்குள் இன்னொரு கோட்டு, சால்வை, சுவெற்றர், அதற்குள்ளும் சுவெற்றர். கழற்றக் கழற்ற முடியவில்லை. கடைசியில் மணிகள் மின்னும் சிறு உடுப்போடு நின்று நடுங்கி, ஒரு தும்மல் போடுவாள். சனம் மேசையில் அடித்துச் சிரிக்கும். மொன்றியல், நியூயோர்க் என்று போய் ஆடினாள். இப்போது நாற்பத்து மூன்று. முழங்கால் வீங்குகிறது. மாதத்தில் ஓரிரு மேடை கிடைத்தாலே பெரிய காரியம்.

"சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பிடிச்சாச்சு," என்றான் மரியோ. "மெலிசாவுக்கு நீ ஒரே மாமி. நீதான் தண்ணி வார்க்கவேணும், நீதான் சேலை உடுத்திவிடவேணும் எண்டு அவள் ஒற்றைக் காலில நிக்கிறாள். என்ர மனிசி றஜிதாவின்ர அம்மாதான் விடமாட்டன் எண்டுறா."

கலியாணம், பிள்ளை என்று எதுவும் அமையாத கரோலினுக்கு, தம்பியின் மகள் பெரியபிள்ளையானதும் மாமியாகத் தண்ணீர் வார்க்கும் அந்த ஒரு உரிமைதான் மிச்சம். குங்குமச் சிவப்பில் சேலைகூட வாங்கிவைத்திருந்தாள்.

"நான் என்ன செய்யவேணும்?"

"ஒரு வசனம். அது நான் இல்லை அன்ரி எண்டு சொல்லு. அவவும் நம்பத்தான் பாக்கிறா."

அவள் பதில் சொல்வதற்குள் அவன் மணிகளை மேசையில் கொட்டி, மாமியாரின் இலக்கத்தை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தான்.

"பிள்ளை கரோலின், சாப்பிட்டீரோ?" றஜிதாவின் அம்மாவின் குரல் குழைந்து வந்தது. "நான் இவையளுக்குச் சொன்னனான். உம்மைப் போல ஆரோ ஒருத்தி எண்டு. உலகத்தில ஒரே முகத்தில ஏழு பேர் இருப்பினமாம். அப்பிடித்தானே பிள்ளை?"

எவ்வளவு இலகுவாகக் கதவைத் திறந்து தருகிறா! 'ஓம் அன்ரி' என்றால் போதும்.

கரோலினுக்கு அம்மா றோசலின் நினைவுக்கு வந்தாள். ஹோட்டலில் இரவு வேலை என்றுதான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தாள். அம்மா ஒவ்வொரு முறையும் சோறு கட்டிக் கொடுப்பாள். பொய் இமை ஒட்டிய கண்ணோடு, ஒப்பனை அறை மூலையில் இருந்து அவள் அந்த மீன்குழம்புச் சோற்றைத் தின்பாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில்கூட அம்மா தாதியிடம் சொன்னாள்: 'என்ர பிள்ளை இரவிரவா நிண்டு வேலை செய்யிறவள், எழுப்பாதைங்கோ.' நாளைக்குச் சொல்லலாம் என்று கரோலின் தள்ளிப்போட்டாள். அந்த நாளை வரவேயில்லை.

"அன்ரி, அது நான்தான்."

மரியோ தலையில் கை வைத்தான்.

"உம்மட அம்மாவுக்குத் தெரியுமோ?" என்றது போனில் குரல்.

"இல்லை அன்ரி."

"அப்ப அவ நேரத்தோட போய்ச் சேர்ந்தது நல்லது." போன் துண்டிக்கப்பட்டது.

மரியோ எழுந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "ஒரு வசனம்தானே அக்கா கேட்டனான்."

"அம்மாவுக்குச் சொன்ன பொய்யே என்னைத் தின்னுதடா."

"அம்மா செத்துப்போனா. மெலிசா உயிரோட இருக்கிறாள். அவளுக்கு நான் போய் என்ன சொல்ல?"

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று கரோலின் எத்தனை வருடம் நினைத்திருந்தாள்! இறங்கவில்லை. செத்தவளுக்குப் பட்ட கடனை அடைக்கப்போய், உயிரோடிருக்கும் பிள்ளையின் கையை விட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

மரியோ வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டான். நாடாவைக் கட்ட நெடுநேரம் எடுத்தான். அவள் கூப்பிடுவாள் என்று காத்திருக்கிறான். அது அவளுக்கும் தெரிந்தது. 'திரும்ப எடு, பகிடிக்குச் சொன்னனான் எண்டு சொல்லுறன்' என்ற வார்த்தைகள் தொண்டை வரை வந்தன.

"வாறன் அக்கா. உன்ர தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது," என்றான்.

"பாத்து ஓட்டு, றோட்டு சறுக்கும்," என்று மட்டுமே அவளால் சொல்ல முடிந்தது.

கதவு சாத்திக்கொண்டது.