நாற்பது பொட்டு

கிட்டுசாமிக்கு வேலம்பாளையத்தில் காலர் பின்னும் பட்டறை. நான்கு மிஷின். டீ சர்ட்டின் கழுத்துக்கு வருகிற கோடு போட்ட பட்டையைப் பின்னிக் கொடுப்பதுதான் தொழில். வயது ஐம்பது. வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. மனிதருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஸ்பெக்ட்ரம் என்கிற கம்ப்யூட்டர்.

ஏற்றுமதிக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, இயக்கத் தெரியாமல் விற்றதை 1986-ல் இவர் வாங்கினார். நோட்டுப் புத்தகம் அளவில் கறுப்புப் பெட்டி, ரப்பரில் நாற்பது எழுத்துக் கட்டைகள். டி.வி.யோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டு புரோகிராமை ஏற்ற வேண்டும். ஏறும்போது தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு கத்தல் கத்தும். கூடவே திரையின் ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். முதல் நாள் அதைப் பார்த்து, "அட, காலரு!" என்றார் கிட்டுசாமி. அன்றைக்கு விழுந்தவர்தான். காலர் கோடுகளைத் திரையில் வரைந்து பார்க்கிற புரோகிராம் ஒன்றைத் தானே கற்று எழுதும் வரைக்கும் ஓயவில்லை.

அந்தப் பெட்டியைத் தயாரிப்பதே நின்று பல வருஷமாயிற்று. பட்டறைக்குப் புதுக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்பெக்ட்ரத்தை டி.வி.யில் மாட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மனைவி மயிலாத்தாள் அதற்கு வைத்த பெயர் 'கத்தற சனியன்'. சத்தம் கேட்டதும் சமையலறைக் கதவைப் படாரென்று சாத்துவாள்.

2008-ல், இன்டர்நெட் வழியாக அவரைப் போலவே நாலு பேர் அகப்பட்டார்கள். நாலு பேரிடமும் ஸ்பெக்ட்ரம் இருந்தது. ஒன்றுக்கும் உயிர் இல்லை. ஓடுவது கிட்டுசாமியுடையது மட்டும்தான். ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். கிட்டுசாமி கல்யாண மாப்பிள்ளை போல நாள் எண்ணினார்.

ஆயுத பூஜையன்று பட்டறையில் பூசையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பெக்ட்ரம். ஈரத் துணியால் சொட்டச் சொட்டத் துடைத்து, ஒவ்வொரு கட்டையிலும் சந்தனம், குங்குமம்.

"இத்தன வருசமாத் திட்டியே பழகிட்டனுங்க. பாவம், அதும் ஒரு மிஷினுதானுங்களே? நாப்பது கட்டைக்கும் நாப்பது பொட்டு வெச்சிருக்கறனுங்க" என்றாள் மயிலாத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

எடுத்து ஈரத்தை உதற அவர் கை பரபரத்தது. ஆனால் பூசை போட்ட மிஷினை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. பட்டறையில் அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான்.

விஜயதசமி விடிந்ததும் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே ஈரம். கட்டைகளை உள்பலகையோடு இணைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை அவசரத்தில் பிடித்து இழுத்தார். இருபத்திரண்டு வருஷத்துப் பட்டை, சரக்கென்று கிழிந்தது. இனி எந்தக் கட்டையை அழுத்தினாலும் பெட்டிக்குத் தெரியாது.

"ஏனுங்க, தண்ணி எறங்கிக் கெட்டுப்போச்சுங்களா?" பின்னாலிருந்து மயிலாத்தாள் கேட்டாள்.

"ம்" என்றார் கிட்டுசாமி.

அந்த ஒரு 'ம்' மூன்று நாள் அவளைத் தின்றது. சரியாகச் சாப்பிடவில்லை. "உங்க கூட்டாளிக மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?" என்று புலம்பினாள். உண்மை அவர் தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வந்தார்கள். தண்ணீர் இறங்கிக் கெட்டுவிட்டது என்று மயிலாத்தாள் சொல்லக் கேட்டு, அவர்களில் ஒருவரான, கோயமுத்தூரில் வங்கி குமாஸ்தாவான ஞானசம்பந்தம் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இது தண்ணி பண்ணுன வேலை இல்லீங்க. ஈரமெல்லாம் காஞ்சு போச்சு. பட்டையை யாரோ வெடுக்குனு இழுத்திருக்காங்க."

கேசரித் தட்டோடு மயிலாத்தாள் நின்றிருந்தாள். கிட்டுசாமி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாந்தானுங்க இழுத்தேன். மயிலா, உம்பட பொட்டுனால ஒண்ணுமில்ல. என்ற கைதான்."

தட்டு ணங்கென்று மேசைக்கு வந்தது. "மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன, நாக்குலயும் காலரு பின்னிட்டிருந்தீங்களா?"

வந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

ஞானசம்பந்தம் தன் பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தார். அவருடைய ஸ்பெக்ட்ரம். "எட்டு வருசமா இதுக்கு மூச்சில்லீங்க. என்னைக்காச்சும் எந்திரிக்கும்னு வெச்சிருந்தேன்." திருகாணியில் அவர் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு கழற்றினார். கட்டைகளுக்கு அடியிலிருந்த பட்டை கிழியாமல் வந்தது. "சும்மா கெடக்கறதுக்கு, உங்களதுல ஓடட்டுங்க."

மாட்டினார்கள். கேசட் சுழன்றது. மயிலாத்தாள் சமையலறை வாசலில், கதவைப் பிடித்தபடி நின்றாள். சத்தமே இல்லை.

"ஏனுங்க, கத்தலையே?" என்றாள்.

"இருங்கக்கா, கத்தும்" என்றார் ஞானசம்பந்தம்.

கத்தியது. வீடே அதிரக் கத்தியது. திரையோரம் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் பாய்ந்தன.

"கத்துதுங்க!" என்றாள் மயிலாத்தாள். கதவைச் சாத்தவில்லை.