இடிபடாத கோபுரமும் கட்டிப்போன தொண்டையும்

துர்க்கை பூஜைப் பந்தலில் மைக் பிடித்து வரலாறு சொல்பவனுக்குத் தொண்டைதான் முதல். அது பூஜை தொடங்கும் சஷ்டியன்றே கட்டிக்கொள்ளும். ஒரே விஷயத்தை நாற்பது தடவை சொல்லி ஓய்ந்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

தீர்ப்பு

எல்லாம் என் வாய் செய்த வினை. பெஹாலாவில் எங்கள் தெரு கிளப்பின் செயலாளர் பாப்பன்-தா, எல்லாருக்கும் அண்ணன். பந்தல் திறப்பு நாளன்று அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, மைக்கில் அவர் குரலிலேயே, மூக்கை உறிஞ்சும் இடம்கூடத் தப்பாமல், "கிச்சுடி தயார், எல்லாரும் வரலாம்" என்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. தட்டும் கையுமாகத் தெருவே வந்து நின்றது.

இந்த வருடப் பந்தல், ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் மதில் எல்லாம் போய் மிச்சம் நிற்கும் பழைய காவல் கோபுரத்தின் நகல். மூங்கில், பிளைவுட், சாக்குத்துணி. என் காதைத் திருகிக்கொண்டே பாப்பன்-தா சொன்னார்: "இதைப் பிரிக்கிற நாள்வரைக்கும் இதோட வரலாற்றை நீதான் சொல்லணும்!"

ஆடும் வரலாறு

வரலாறு சின்னதுதான். ஊரைக் காக்கக் கட்டினார்கள். சண்டை ஓய்ந்ததும் சாலை போட மதிலை இடித்தார்கள். கோபுரத்தை இடிக்க வந்தபோதெல்லாம் உள்ளே ஏதாவது இருந்தது. முதலில் கைதிகள், பிறகு வெடிமருந்து, அப்புறம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. காலியாகவே இல்லாததால் பிழைத்தது.

முதல் நாள் இதைக் காவலன் குரலில், ராணி குரலில், ரயில்வே அறிவிப்புக் குரலில் எல்லாம் சொன்னேன். அஷ்டமிக்குள் அத்தனையும் ஒரே தவளைக் குரலாகிவிட்டது. சாந்த்ராகாச்சியிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் முழுசாகக் கேட்டது. குடும்பத் தலைவர் சுவரில் சாய்ந்தவர் பதறி நிமிர்ந்தார்: "எத்தனையோ நூறு வருஷமா நிக்குதுங்கிறே, கை வெச்சா ஆடுதே தம்பி!"

ஒலிபெருக்கிக்கு எதிர்வீடு

தெருவுக்கே சித்தியான எதிர்வீட்டு காக்கிமாவின் பால்கனிக்கு நேராக ஒலிபெருக்கி. நவமியன்று அவர் விறுவிறுவென்று வந்தபோது என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. சண்டை போட்டு மைக்கை அணைக்கவைப்பார், நான் போய்ப் படுக்கலாம். அவரோ இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீரை நீட்டினார்: "நடுவிலே வெடிமருந்தை விட்டுட்டியேப்பா. முதல்லேருந்து சொல்லு."

பிரிக்கிற நாள்

துர்க்கை கரைவதற்காகக் கங்கைக்குக் கிளம்பிய மறுநாள், பந்தல்காரர் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். முதல் கயிற்றை அவிழ்க்க நானே முன்னால் நின்றேன். கதவைத் திறந்தால் உள்ளே கிளப்பின் கேரம் போர்டு, மடக்கு நாற்காலிகள், காக்கிமாவின் பழைய கட்டில், யாருடையதோ ஓடாத ஃபிரிட்ஜ். பந்தல்காரர் தலையைச் சொறிந்து, "இன்னும் மூணு வாரம், காளி பூஜை வரைக்கும் இருக்கட்டுமா?" என்றார்.

பாப்பன்-தா மைக்கை என் கையில் திணித்தார். மூக்கை உறிஞ்சினார். "காலியா இல்லாத கோபுரத்தை யார் இடிப்பாங்க? நீதானேடா இத்தனை நாளா சொன்னே!"

அந்தக் கோபுரம் தன் ஊரைக் காத்ததோ இல்லையோ, என்னிடமிருந்து யாரும் மைக்கைப் பறித்துவிடாமல் நன்றாகவே காத்துவிட்டது.