அபிராமத்துக்காரர் கொலை வழக்கு

எனக்கு இருபத்தாறு வயசில் இடது முழங்கால் வீங்கிக்கொண்டது. பரமக்குடிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. தைலம், கஷாயம், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் எங்கள் தலைமையாசிரியர்தான் சொன்னார், உச்சிப்புளிக்குக் கிழக்கே கடலோரமாக ஓர் இயற்கை வைத்திய நிலையம் இருக்கிறது, மண்ணையும் தண்ணீரையும் வைத்தே குணப்படுத்துகிறார்களாம் என்று. கோடை விடுமுறையில் இருபத்தோரு நாள் தங்குவதாக ரயிலேறினேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மண் பூச்சுக்கும் பட்டினிக்கும் ஊரில் ரொம்ப மரியாதை இருந்த காலம்.

நிலையம் என்றால் ஒரு தென்னந்தோப்பு. உள்ளே ஏழெட்டு ஓலைக் குடில்கள், இடுப்பளவு தண்ணீரில் உட்காருவதற்குச் சிமெண்டுத் தொட்டிகள், மூலையில் சலித்த களிமண் குவியல். வைத்தியர் ஒல்லியான கதர்ச் சட்டைக்காரர். முன்பு நிலம் அளக்கும் வேலையில் இருந்தவர்; தன் வயிற்றுப் புண்ணை மண் பூசியே ஆற்றிக்கொண்டபின் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். சமைத்த உணவு விஷம் என்பது அவர் கட்சி. அதனால் அந்தத் தோப்பில் அடுப்பே கிடையாது. தேங்காய், ஊறவைத்த நிலக்கடலை, வெள்ளரிக்காய், எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான்.

நான் போனபோது இன்னும் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. விரல் மூட்டெல்லாம் வாதம்; பேனா பிடிக்க வராது. மற்றவர் அபிராமத்துப் பக்கம் நஞ்சையும் புஞ்சையுமாக வாழ்ந்த பெரிய சம்சாரி. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் உடம்பு. துணைக்கு மச்சினரைக் கூட்டி வந்திருந்தார். வைத்தியர் அபிராமத்துக்காரருக்குப் பத்து நாள் வெறும் எலுமிச்சைச் சாறு என்று எழுதிவிட்டார்.

பாவம், அவர் என்னிடம் வந்து பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான்.

"டீச்சர், ஒங்க ஊர்ல கோழிக்கு மொளகு வறுத்து அரைப்பாகளா, பச்சையா அரைப்பாகளா?"

"வறுத்துத்தான்."

"வறுத்தா நெறம் வரும். சரிதான்," என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கும் மச்சினருக்கும் ஊரில் ஒரு வாய்க்கால் தகராறு. பட்டினி கிடக்கிற கோபமும் சேர்ந்துகொள்ள, மூன்றாம் நாள் காலை மண் குவியல் பக்கத்தில் நின்று இருவரும் கத்திக்கொண்டார்கள். "இப்படியே பேசிக்கிட்டிருங்க மச்சான், ஒங்கள இந்தச் சேத்துக்குள்ளயே அமுக்கிப்புட்டுத்தான் நான் ஊருக்குப் போவேன்!" என்று மச்சினர் போட்ட சத்தம் தோப்பு முழுக்கக் கேட்டது.

நான்காம் நாள் காலையில் வெயில் குளியலுக்கு மணியடித்தபோது அபிராமத்துக்காரரைக் காணவில்லை.

முதலில் யாரும் கவலைப்படவில்லை. பிறகு கடற்கரையில் அவருடைய செருப்பு கிடந்தது. ஜோடியாக, கடலைப் பார்த்து. வைத்தியர் முகம் அவர் பூசுகிற களிமண் நிறத்துக்கு வந்துவிட்டது. வண்டி கட்டிக்கொண்டு போய் அபிராமத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

மத்தியானம் மண் சலிக்கிற அம்மா ஓடி வந்தாள். பக்கத்து மீனவக் குடியிருப்பிலிருந்து தினம் வேலைக்கு வருகிறவள். குவியலைக் கிளறியபோது உள்ளே ஒரு துண்டு புதைந்திருந்ததாம். பச்சைக் கரை போட்ட, எங்களுக்கெல்லாம் தெரிந்த அவருடைய துண்டு. அதில் பாதிக்குமேல் காய்ந்த ரத்தம்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: பயத்தைவிட என்ன நடந்திருக்கும் என்ற ஆவல்தான் மேலே நின்றது. ஏட்டையாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்ததும் பயமில்லை.

"இருபத்தெட்டு வருச சர்வீஸு டீச்சர். வெளக்கில்லாத சைக்கிளு, வயல்ல மேஞ்ச ஆடு, இதேதான். ஒரு கொலக் கேஸு என் கையில வந்ததில்ல," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நோட்டு வச்சிருக்கீகளா?"

பாடக் குறிப்பு எழுதலாமென்று கொண்டுபோன நோட்டு ஒன்று இருந்தது. அவருக்கு விரல் மடங்காது என்பதால் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. தென்னை மரத்தடியில் விசாரணை. மேற்படி நபர், மேற்படி துண்டு, மேற்படி செருப்பு என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வைத்தியரிடம் ஒன்றும் பெயரவில்லை. "நான் அவருக்கு எலுமிச்சைச் சாறுதான் கொடுத்தேன்," என்பதையே நாலு தடவை சொன்னார்.

அடுத்தது மச்சினர். காலையிலிருந்து யாரோடும் பேசாமல் தொட்டி விளிம்பில் குந்தியிருந்தவர், எங்கள் முன்னால் வந்து நின்றதும் கேள்வி எதுவும் கேட்குமுன்பே சொன்னார்.

"எழுதிக்கங்க டீச்சர். நாந்தேன் கொன்னேன்."

என் பேனா நின்றுவிட்டது. ஏட்டையா மெல்ல எழுந்து நின்றார்.

"எதால?"

"அதிரசத்தால."

"என்னது?"

"எங்க அக்கா டின்னுல போட்டு எனக்குக் குடுத்து விட்டுச்சு. நேத்துச் சாயங்காலம் மச்சான் வந்து மோந்து பாத்துட்டாரு. ஒண்ணே ஒண்ணுன்னு கையேந்தி நின்னாரு. காலையிலதான் சண்ட போட்டமா, எனக்கு மனசு கேக்கல. குடுத்துட்டேன்."

"எத்தன?"

"பதினாலு."

மூன்று நாள் பட்டினி கிடந்த வயிற்றில் பதினாலு அதிரசம். வயிறு வெடித்துத்தான் செத்திருப்பார், எரிச்சல் தாங்காமல் கடலில் இறங்கியிருப்பார் என்பது மச்சினரின் முடிவு. சொல்லிவிட்டு அந்தப் பெரிய ஆள் தன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஏட்டையாவுக்குத் திருப்தியில்லை. வழக்கு இப்படிப் பலகாரத்தில் போய் முடிவதை அவர் விரும்பவில்லை. "அதிரசம் தின்னா ரத்தம் வராதே டீச்சர்," என்றார் என்னிடம். "துண்ட மண்ணுக்குள்ள பொதச்சது யாரு? அத விடக்கூடாது." அதுவும் நியாயம்தான். மறுநாள் காலைவரை பார்த்துவிட்டுப் போலீசுக்கு எழுதிக் கொடுப்பதென்று முடிவானது. துண்டைச் சாட்சிப் பொருள் என்று கொடியில் தனியாகப் போட்டார். யாரும் தொடக்கூடாது.

நான் தொட்டேன். மறுநாள் காலை வெயில் ஏறும்போது அதன் பக்கம் போய் நின்றவள், ரத்தக் கறைக்குள் என்னமோ பளபளவென்று மின்னுவதைப் பார்த்தேன். காசு அகலம் இருக்கும், கண்ணாடிச் சில்லு மாதிரி. நகத்தால் பெயர்த்து எடுத்தேன். நான் மேட்டு நாட்டுக்காரி. எங்கள் ஊரில் கருவாடுதான் தெரியும். மண் சலிக்கிற அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயில் கை வைத்துச் சிரித்தாள்.

"இது செதிலு டீச்சர். மனுசனுக்குச் செதிலு ஏது?"

"மீன் செதிலா?"

"கொடுவா. இம்புட்டுப் பெரிசுன்னா அது கொடுவாதேன்." சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "முந்தாநேத்து எங்க அண்ணன் ஆளுக கிழக்க கரைவலை இழுத்தாக. ஒரே ஒரு கொடுவா விழுந்துச்சாம். யாரோ ஒரு பெரிய ஒடம்புக்காரரு வந்து கெஞ்சி வாங்கிட்டுப் போனாருன்னு நேத்துக் காலையில சொல்லிக்கிட்டிருந்துச்சு."

கிழக்குக் குடியிருப்பு ஒரு மைல். எல்லாரும் கிளம்பினோம். என்னை இருக்கச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு காலை இழுத்துக்கொண்டு அந்த ஈர மணல் முழுக்க நடந்தேன். நோட்டு என் கையில் இருந்தது.

ஓர் ஓலைக் கொட்டகையில், மடித்துப் போட்ட வலைக் குவியலின்மேல், வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்திருந்தார் கொலையுண்ட அபிராமத்துக்காரர். அந்த வீட்டுப் பெண் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

மச்சினர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு வெடித்தார். "பதினாலு அதிரசம் பத்தலைன்னு மீனுமாய்யா கேட்டுச்சு ஒனக்கு?" வாழ்நாளில் முதல் தடவையாக மச்சானை ஒருமையில் பேசியிருப்பார். சொன்ன வேகத்திலேயே போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"ஏலே மாப்ள, அழுகாதய்யா," என்றார் படுத்திருந்தவர். அவர் கண்ணும் நனைந்திருந்தது. "கொழம்பு நல்லாத்தேன் இருந்துச்சு."

நடந்தது இதுதான். அதிரசம் தின்ற அன்று சாயங்காலம், தித்திப்புக்கு மாற்றாகக் காரமாக ஏதாவது வேண்டுமென்று நாக்கு கேட்டிருக்கிறது. கரையில் வலை இழுப்பதைப் பார்த்துப் போய் மீனைக் கேட்டு வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, தோப்பில் அடுப்பே இல்லையே என்று. ரத்தம் சொட்டுகிற துண்டை வைத்தியர் கண்ணில் படாமல் மண்ணுக்குள் திணித்தார். மீனை ஓலையில் மறைத்து வைத்து, விடிந்தும் விடியாமலும் கிழக்குக் குடியிருப்புக்கே எடுத்துப் போனார். ஈர மணலில் செருப்பு புதைகிறதென்று கழற்றிப் போட்டுவிட்டார். குழம்பு வைக்கச் சொல்லி முழு மீனையும் சாப்பிட்டார். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. வைத்தியருக்குத் தெரிந்தால் முதலிலிருந்து பட்டினி போடுவாரே என்று பயந்து, யாருக்கும் சொல்லக்கூடாதென்று அந்த வீட்டாரிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

அவர் பயந்தது சரி. மாட்டு வண்டியில் தோப்புக்குக் கொண்டுவந்து இறக்கியதும் வைத்தியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கழுத்துவரை மண் பூசச் சொன்னார், பிறகு முகத்துக்கும் பூசச் சொன்னார். வாழையிலையைப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டார்.

தென்னை மரத்தடியில் ஏட்டையா நோட்டின் கடைசி வரியைச் சொன்னார்: "மேற்படி கொலையில் இறந்தவர் உயிரோடு இருப்பதால் வழக்கு முடிக்கப்பட்டது." குரலில் உயிரில்லை. எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "விசாரணை நல்லா இருந்துச்சு ஏட்டையா," என்றேன். "தடயம் எடுத்தது நீங்கதான டீச்சர்," என்று சொல்லிவிட்டு, விரலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தந்தியை நாங்கள் எல்லோருமே மறந்துபோயிருந்தோம். வைத்தியர் இங்கிலீஷில் 'கணவரைக் காணவில்லை, உடனே வரவும்' என்று கொடுத்திருக்கிறார். அங்கே அதைப் படித்துச் சொன்னவர் 'மிஸ்ஸிங்' என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, "ஒங்க வீட்டுக்காரர் இல்லாமப் போயிட்டாராம்" என்று சொல்லிவிட்டார். மத்தியான ரயிலில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தோப்பு வாசலிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. முன்னால் வந்தது அபிராமத்துக்காரரின் மனைவி. வாழையிலைக்கு அடியில் நீளமாக ஓர் உருவம் கிடப்பதைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டு அதன்மேல் விழப் போனார்.

உருவம் எழுந்து உட்கார்ந்தது. சாம்பல் நிற முகத்தில் இரண்டு கண் மட்டும் திறந்து, "ஏன் கத்துற? இங்கனதான இருக்கேன்," என்றது.

அந்த அம்மாள் போட்ட அலறலில் தென்னை மரத்துக் காகங்கள் எல்லாம் எழுந்தன. கூட வந்தவர்களில் இரண்டு பேர் திரும்பி ரயிலடிக்கே ஓடினார்கள். கணவரைத் தொட்டுப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறார் என்று அந்த அம்மாள் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் எழுந்தார். அதிரசம், கொடுவா, செருப்பு என்று தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கணவரையும் தம்பியையும் எதிரெதிரே நிறுத்திவைத்து அரை மணி நேரம் திட்டினார். இருவரும் தலையைக் குனிந்து நின்றார்கள். வைத்தியரும் ஏனோ அவர்களோடு சேர்ந்து குனிந்து நின்றார்.

பட்டினியோடு வந்த அத்தனை பேருக்கும் கொடுக்க வெள்ளரிக்காய்தான் இருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார், வைத்தியரைப் பார்த்தார், மண் சலிக்கிற அம்மாவிடம் அரிசியும் பானையும் வாங்கி, வேலிக்கு வெளியே மூன்று கல்லை வைத்துச் சோறு பொங்கினார். சோறு வெந்து இறங்கும்வரை வைத்தியர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்கள், அபிராமத்துக்காரரும் மச்சினரும் உட்பட. அந்த அம்மாள் மட்டும் போகவில்லை. "எனக்கும் ஆறு மாசமா இடுப்பு வலி. இவுகளுக்குச் சமைச்சுப் போட்டே வந்தது. பத்து நாள் படுத்துப் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டார். வைத்தியர் என் பக்கத்துக் குடிலைக் கொடுத்தார்.

ஒருநாள் இருவரும் வயிற்றில் மண் அப்பிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தோம். அந்த நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். 'மேற்படி அதிரசம் பதினாலு' என்ற இடத்துக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றில் காய்ந்துகொண்டிருந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கீழே விழுந்தது. அதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. வைத்தியர் ஓடி வந்து பார்த்தார். சிரித்தால் மண் பிடிக்காது என்று கண்டிப்பாகச் சொல்லி, இருவருக்கும் முதலிலிருந்து பூசச் சொல்லிவிட்டுப் போனார்.