எதிர்வீட்டுக் கதவைத் திறந்த பட்டன்

லைல் ஸ்டெனர்சன் வாழ்நாளில் எதையும் நேராகச் சொன்னதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மேற்கு ஓரத்தில் ஹால்வர்ட் என்ற அந்தச் சிற்றூரில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பெரும்பாலோர் அப்படித்தான். ஆனால் அவர்களுக்குள்ளேயே லைல் ஒரு படி மேலே. மரத்துப்போகச் செய்யும் ஊசி வேலை செய்வதற்குள் பல் டாக்டர் துளைக்கத் தொடங்கி "வலிக்குதா?" என்று கேட்டபோது, கண்ணில் நீர் முட்ட "பரவாயில்ல" என்றவர். உணவகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்ட கல்லீரல் வறுவலைத் தவறாகத் தன் முன்னால் கொண்டுவந்து வைத்தபோது, அதைத் தின்று முடித்து, நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு வந்தவர். பெர்னெட்டிடம் தன் காதலைத் தெரிவித்த நாளில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு பேரா இருந்தா வீட்டைச் சூடு பண்ற செலவு குறையும்னு சொல்றாங்க." பெர்னெட் புரிந்துகொண்டார். புரியாமல் போயிருந்தால் இருவரும் இன்னும் அந்த ஏரிக்கரையில் நின்று மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வேலையும் அவருக்கு ஏற்றாற்போல் அமைந்தது. மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி. குளிர்காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கலாம். எதிரே வண்டி வந்தால் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினால் போதும், பேச்சு முடிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, போன இலையுதிர்காலத்தில், எதிர்வீட்டு ஆர்டிஸ் ட்வெய்ட்டின் பழைய காரை அவர் வாங்கினார். ஆர்டிஸ் எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சமைத்துப் போட்டவர். பேரம் அந்த ஊர் வழக்கப்படி தலைகீழாக நடந்தது. விற்பவர் விலையைக் குறைத்துக்கொண்டே போனார், வாங்குபவர் ஏற்றிக்கொண்டே போனார். பின் இருக்கையில் ஒரு கீறல் இருப்பதற்காக ஆர்டிஸ் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியின் அடியில் வரிசையாக இருந்த மூன்று பட்டன்களைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அந்தப் பட்டன்கள் கராஜ் கதவைத் திறப்பதற்கானவை. நடுப் பட்டனுக்குத் தன் வீட்டுக் கதவை லைல் பழக்கினார். கை ரிமோட்டைக் கண்ணாடியருகே பிடித்து, இரண்டையும் சேர்த்து அழுத்தி, குட்டி விளக்கு வேகமாக மினுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் ஏணி போட்டு ஏறி, கூரையில் தொங்கும் மோட்டாரின் முதுகில் உள்ள மஞ்சள் பட்டனை அழுத்த வேண்டும். அதிலிருந்து அரை நிமிஷம்தான் மோட்டார் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் இறங்கி ஓடிவந்து காரின் பட்டனை அழுத்தியாக வேண்டும். ஒருவர் ஏணியிலும் ஒருவர் காரிலும் இருந்தால் சுலபம். ஆனால் அதற்கு இன்னொருவரிடம் உதவி கேட்க வேண்டும். லைல் தனியாகவே ஏறி இறங்கி ஓடினார், முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தார்.

முதல் பட்டன் ஆர்டிஸின் கதவுக்கானது. அதை அவர் அழிக்கவில்லை, இவருக்கும் தோன்றவில்லை.

பனிக்காலம் வந்தது, கையில் தடித்த தோலுறை ஏறியது. அந்த உறையோடு நடுப் பட்டனைத் தேடுவது, பூரிக்கட்டையால் பியானோ வாசிப்பதைப் போன்றது. ஒருநாள் லைல் வீடு திரும்பி அழுத்தியபோது, சாலைக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸின் கதவு மெல்ல மேலே போயிற்று. லைல் பதறிப்போய் மறுபடி அழுத்தி அதை மூடினார்.

வேறு ஊராக இருந்தால் அன்றே சாலையைத் தாண்டிப் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். லைல் யோசித்தார். போய்ச் சொன்னால், 'பட்டனை அழிக்காமல் காரை விற்றுவிட்டீர்கள்' என்று குத்திக்காட்டியதாகிவிடும். பாவம், அந்தக் கீறலுக்கே அவ்வளவு மன்னிப்புக் கேட்டவர். சத்தமில்லாமல் தானே அழித்துவிடலாம் என்றால், தனித்தனியாக அழிக்க வழியில்லை. ஓரத்துப் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மூன்றுமே போய்விடும். பிறகு மறுபடி ஏணி, மறுபடி முழங்கால். ஆகவே ஜாக்கிரதையாக அழுத்துவது என்று முடிவு செய்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு மனிதர்கள் வைத்துக்கொள்ளும் பெயர்களில் ஜாக்கிரதையும் ஒன்று.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை உணவின்போது பெர்னெட் சொன்னார்: "ஆர்டிஸோட மகன் கர்ட்டிஸ் வந்திருக்கான். அவங்களை முதியோர் குடியிருப்பு ஒண்ணைப் பாக்கக் கூட்டிட்டுப் போறானாம். இன்னிக்கே."

"ஓ," என்றார் லைல்.

"கராஜ் கதவை மூட மறந்துடுறாங்களாம். குளிர்காலம் பூரா இதே கதையாம். ஒரு தடவை தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிருக்கு. போன மாசம் காட்டு வான்கோழி ஒண்ணு உள்ள பூந்து, பறவைத் தீனி மூட்டையைக் காலி பண்ணிட்டு, அவங்க புதுக் கார் மேல ஏறி உக்காந்திருந்துச்சாம்."

வாய்க்குப் போன ரொட்டி பாதியில் நின்றது.

"மூடிட்டுத்தான் போனேன்னு அவங்க சத்தியம் பண்றாங்க, இவன் நம்பல. இப்ப அவங்களுக்கே நம்பிக்கை போயிடுச்சு, பாவம். மூளை வேலை செய்யுதான்னு பாக்க, பள்ளிக்கூடத்துல திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் என்னென்ன சமைச்சோம்னு தினம் சொல்லிப் பாக்குறாங்களாம்."

"சரியா வருதா?"

"வருது. ஆனா வியாழக்கிழமை மீன் துண்டா மக்ரோனியான்னு நேத்து சந்தேகம் வந்துடுச்சாம். அழுதுட்டாங்க."

லைல் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "ஆர்டிஸ் மறக்காமலும் இருந்திருக்கலாம்," என்றார். "அப்படியும் சில சமயம் நடக்கும்."

கணவருடைய வார்த்தைகளை உரித்து உள்ளே இருப்பதை எடுப்பதில் பெர்னெட்டுக்கு நீண்ட பயிற்சி உண்டு. காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "லைல். நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

லைல் சொன்னார். மூடுபனியில் ஓட்டுவதுபோல நின்று நின்று சொன்னார். வெளியே கிளம்பும்போதும் சில நாள் கை தவறியிருக்கலாம், அப்போது அந்த வீடு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் பட்டிருக்காது, என்பதுவரை சொன்னார்.

"குளிர்காலம் பூரா வாயை மூடிட்டு இருந்தியா?"

"அவங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு வீட்டையே காலி பண்ண வெக்கப் பாத்தியா?"

"நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"நேரம் கிளம்பிக்கிட்டே இருக்கு பாரு, கார் சாவியோட." ஜன்னல் வழியே எதிர்வீட்டைக் காட்டினார் பெர்னெட். "போ. வெறுங்கையோட போகாதே, இந்த எலுமிச்சைக் கேக்கை எடுத்துக்கோ."

வாசலில் நின்ற காரைத் தாண்டும்போது லைலின் கால்கள் தயங்கின. இப்போதே உள்ளே உட்கார்ந்து ஓரத்துப் பட்டன்களை அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். எதிர்வீட்டுக் கதவு இனித் தானாகத் திறக்காது, யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தன் மூளை கலங்கிவிட்டது என்றே ஆர்டிஸ் மிச்ச நாளைக் கழிப்பார். வியாழக்கிழமையை நினைத்து நினைத்து அழுவார். தவறைச் சரிசெய்வதும் தடயத்தை அழிப்பதும் ஒரே அழுத்தலில் இருந்தன. லைல் அதைத் தொடாமல் சாலையைத் தாண்டினார்.

அந்த ஊரில் முன்வாசல் கதவு பாதிரியாருக்கும் விற்பனையாளருக்கும்தான். மற்றவர்கள் கராஜ் வழியாகத்தான் வீட்டுக்குள் போவார்கள். ஆர்டிஸ் கோட்டு போட்டுக்கொண்டு கராஜிலேயே நின்றிருந்தார். கர்ட்டிஸ் கையில் சாவி.

"காபி சாப்பிடுறீங்களா, லைல்?"

"வேணாம், உங்களுக்குச் சிரமம்."

"ஒரு வாய்?"

"கிளம்பிட்டிருக்கீங்க போல."

"சும்மா ஒரு வாய் குடிங்களேன்."

"அப்ப சரி, அரைக் கப்."

மூன்றாவது அழைப்புக்கு முன்னால் சம்மதிப்பது அங்கே அநாகரிகம். ஆர்டிஸ் கொண்டுவந்த காபியோடு லைல் பேசத் தொடங்கினார். ஏரியின் பனிப்பாளம் இளகுவதைப் பற்றிப் பேசினார். அதன் மேல் மீன்பிடிக்கப் போட்ட குடிசைகளை இழுத்துக் கரைசேர்க்கிற நேரம் வந்துவிட்டதைப் பற்றிப் பேசினார். சாலைக் குழிகளுக்கு வந்தார். கர்ட்டிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"மிஸ்டர் ஸ்டெனர்சன், தப்பா நெனைக்காதீங்க, எங்களை அங்க எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"ஆமா ஆமா. நான் எதுக்கு வந்தேன்னா..." லைல் கராஜ் கதவை அண்ணாந்து பார்த்தார். "இந்தக் கதவு. அடிக்கடி தொறந்து கிடந்ததை நானும் பாத்திருக்கேன்."

இதுதான் நுழைவாயில் என்று அவர் நினைத்தார். அடுத்த வாக்கியத்தில் உள்ளே போய்விடலாம் என்றும் நினைத்தார். கர்ட்டிஸ் அந்த வாக்கியத்துக்குக் காத்திருக்கவில்லை.

"கேட்டியாம்மா? நான் மட்டும் சொல்லல. எதிர்வீட்டுக்காரருக்கே தெரிஞ்சிருக்கு. ரொம்ப நன்றி, மிஸ்டர் ஸ்டெனர்சன். இதை எங்ககிட்ட சொல்றது உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும்னு புரியுது."

ஆர்டிஸ் கோட்டின் மேல் பட்டனைப் போட்டார். இனி வாதாட ஒன்றுமில்லை என்று தீர்மானித்தவர்கள் பட்டன் போடுகிற மாதிரி, நிதானமாக.

ஊரையே ஒரு விரலில் சமாளித்து வந்த லைல், காப்பாற்ற வந்த இடத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிட்டார். காபியை அங்கிருந்த அலமாரியில், தான் கொண்டுவந்த கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒரு நிமிஷம் இங்கயே இருங்க," என்று சொல்லிவிட்டுச் சாலையைத் தாண்டி ஓடினார், அந்த முழங்காலோடு.

காரில் உட்கார்ந்து முதல் பட்டனை அழுத்தினார். ஆர்டிஸின் கதவு இறங்கியது, ஆர்டிஸும் கர்ட்டிஸும் மறைந்தார்கள். மறுபடி அழுத்தினார். முதலில் இரண்டு ஜோடிக் காலணிகள், அப்புறம் கோட்டு, அப்புறம் வாய் பிளந்த இரண்டு முகங்கள் தெரிந்தன. இன்னொருமுறை இறக்கி ஏற்றினார்.

கர்ட்டிஸ் வாசலுக்கு வந்தான். "இந்த மோட்டார் பழுதும்மா! பாத்தியா? இப்படி ஒரு வீட்டுல நீ தனியா இருக்குறது எவ்வளவு ஆபத்து!"

செய்துகாட்டினாலே போதும், சொல்ல வேண்டியதில்லை என்று லைல் நம்பியிருந்தார். அந்தக் கடைசி ஒளிவிடமும் போயிற்று. காரிலிருந்து இறங்கினார். சாலையின் நடுவில் நின்றார்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தொறந்தேன். குளிர்காலம் முழுக்க, இந்தக் காரோட பட்டனால. எனக்குத் தெரியும், சொல்லல. ஆர்டிஸ் ஒரு நாளும் மறக்கல."

அந்தத் தெருவில் அவ்வளவு நேரான பேச்சு கேட்டுப் பல காலம் ஆகியிருக்கும்.

ஆர்டிஸ் மெதுவாக நடந்து வந்தார். "வான்கோழி?"

"அதுவும் நான்தான்."

"குழாய்?"

"அநேகமா நான்தான்."

"எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனைச்சேன், லைல். ராத்திரியெல்லாம் மீன் துண்டு, மக்ரோனி, மீன் துண்டுன்னு சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். நீங்க அங்க உக்காந்து என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

பரவாயில்லை என்ற சொல் லைலின் வாய்வரை வந்தது. அதை விழுங்கினார். "பயந்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

ஆர்டிஸ் அவரை மன்னித்ததாகச் சொல்லவில்லை. "அந்தப் பட்டனை இப்பவே அழிங்க, என் கண்ணு முன்னால," என்றார்.

லைல் அழித்தார். விளக்கு மினுக்கி, மூன்று பட்டன்களும் வெறுமையாயின. கை ரிமோட்டைப் பிடித்து முதல் பாடத்தையும் முடித்தார். இனி ஏணி வேலை. லைல் வாயைத் திறந்து மூடினார். உதவி கேட்பது அவருக்கு இன்னும் பழகவில்லை.

"நான் ஏறுறேன்," என்றார் ஆர்டிஸ்.

"அம்மா, நீ ஏணில எல்லாம் ஏறக்கூடாது!"

"நீ ஏணியைப் புடி, போதும்."

லைலின் கராஜுக்குள் ஏணி வைத்து அவர் ஏறினார். கீழே கர்ட்டிஸ், பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்துவிட்ட பெர்னெட். வெளியே காரில், பட்டனில் விரலோடு லைல்.

"அழுத்தட்டுமா?" என்று கத்தினார் லைல்.

"இருங்க. என் மகனுக்குச் சரியாக் கேக்கலையாம். இன்னொரு தடவை சொல்லுங்க, யாரு கதவைத் தொறந்ததுன்னு."

"ஆர்டிஸ்..."

"மஞ்சள் பட்டன் என் கைல இருக்கு, லைல்."

"நான்தான்!"

"மேல இருக்கேன், காது அடைக்குது."

"நான்தான் தொறந்தேன்! ஆர்டிஸ் மறக்கல!" இரண்டு வீடு தள்ளி ஒரு நாய் குரைத்தது.

ஆர்டிஸ் மஞ்சள் பட்டனை அழுத்தினார். "இப்ப அழுத்துங்க," என்றார்.

லைல் அழுத்தினார். ஒருமுறை, இரண்டாம்முறை. திறந்திருந்த கதவு புரிந்துகொண்டு இறங்கத் தொடங்கியது. அவர் மட்டும் வெளியே காரில் இருக்க, மற்ற மூவரையும் உள்ளே வைத்து அது மூடிக்கொண்டது. திறப்பதற்கு மறுபடி அழுத்தலாமா, கூப்பிடும்வரை காத்திருப்பது மரியாதையா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பெர்னெட்டின் சிரிப்பு கேட்டது. அதற்கு மேல், போனில் பேசும் கர்ட்டிஸின் குரல்:

"இல்லைங்க, இன்னிக்கு வரல. இன்னிக்குன்னு இல்ல, அந்த யோசனையே வேணாம்னு... ஆமா, அம்மா இங்கதான். இல்லைங்க, இப்ப பேச முடியாது. ஏணி மேல இருக்காங்க."